மலையழகும் மக்கள் வழியும்

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று குறிஞ்சித் திணையைக் கரும்பலகையில் வகுத்தெழுதுவது தமிழாசிரியர்க்கு வழக்கம். யானும் அவ்வாறே எழுதி வந்தவன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களின் பெயர்களை மாணவர் ஒப்புவிக்கக் கேட்டு மகிழ்ந்தவன். ஆயினும், அம்மலைகளில் வாழ்வோர் நோயுற்றால் எவ்வழியே மருத்துவமனை சேர்வர் என்னும் வினா 2015ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை வரை என் உள்ளத்தில் எழுந்ததே இல்லை.

அவ்விடுமுறையில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். அங்கிருந்து வட்டக்கானல் சென்று, டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கி வெள்ளகவியை அடைந்தோம். வாகனச் சாலை அன்று அவ்வூருக்கு இல்லை. அரிசியும் உப்பும் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலுமே வந்தன. ஊருக்குள் எவரும் காலணி அணிவதில்லை. பள்ளிவாசல் படியில் காலணி களைந்து பழகிய எனக்கு அவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை.

காப்பித் தோட்டங்களும், மேகம் தவழும் சரிவுகளும், இரவின் அமைதியும் என்னை மயக்கின. எங்களுக்கு உணவளித்த மூதாட்டியிடம், "பாட்டி, நீங்கள் சொர்க்கத்திலேயே வாழ்கிறீர்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "பாக்க வந்தவங்களுக்கு அழகாத்தான் இருக்கும், தம்பி. பிள்ளைத்தாச்சிய டோலி கட்டித் தூக்கிட்டுப் போறப்பத்தான் இந்த மலை எம்புட்டு ஒசரம்னு தெரியும்" என்றார். அதற்கு மறுமொழி கூற என்னிடம் சொல் இல்லை.

அப்பாதையின் வரலாறு சிந்திக்கற்பாலது. சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் வருந்திய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியே ஏறிய பழம்பாதையே அக்காலத்து மலைவழி. துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் நாற்காலிகளில் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து லாஸ்காட் சாலை அமைந்தபின் பழம்பாதை மறக்கப்பட்டது. நலம் நாடி மேலேறியோரைச் சுமந்த அதே பாதையில், நலமிழந்த தம் உறவினரை ஊரார் சுமக்கலாயினர். பாதை மாறவில்லை, சுமக்கும் தோள்களும் மாறவில்லை.

'சாலை வந்தால் காடு அழியும். உல்லாச விடுதிகள் முளைக்கும்' என்பார் உளர். இவ்வச்சம் பொய்யன்று. சாலை சென்ற வட்டக்கானலில் பெருகிய கூட்டத்தை யாமே கண்டோம். எனினும், லாஸ்காட் சாலையில் சொகுசாக ஏறி வந்த நாம், அடுத்த சரிவில் வாழ்வோரை நோக்கி, 'நீங்கள் இப்படியே இருங்கள். அதுவே அழகு' என்பது எவ்வகையில் நீதி? நம் கண்ணுக்கு இன்பம் தருவதற்காக ஒருவர் துன்பத்தில் நீடிக்க வேண்டுமா?

இரண்டிற்கும் இடம் தரும் வழியைச் சட்டமே ஓரளவு காட்டியுள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனவாழ் மக்களுக்கான சாலை, பள்ளி, மருந்தகம் முதலியவற்றுக்கு, ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த வனநிலத்தை ஒதுக்க இடமளிக்கிறது. வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐ மிஞ்சலாகாது. கிராம சபையின் பரிந்துரையும் வேண்டும். பெரிய சாலைக்கு இது போதாதுதான். ஆயினும் ஒரு மருந்தகத்திற்கும் பள்ளிக்கும் இது தாராளமாகப் போதும். அனைத்திற்கும் மேலாக, தமக்கு வேண்டுவது யாது என்று கூறும் முதல் உரிமை ஊராருடையது என்பதை இச்சட்டம் ஏற்றுள்ளது. விருந்தினனுக்கு அங்கே வாக்கில்லை. விருந்தினன் அதை உணர்ந்து நடத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மலைக்குச் செல்லுங்கள், அதன் அழகைப் போற்றுங்கள், நெகிழிக் குப்பையை அங்கே விட்டு வராதீர்கள். உணவிட்டவரிடம், "மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வியேனும் கேட்டுவிட்டுத் திரும்புங்கள். யான் இன்று குறிஞ்சித் திணையைப் பயிற்றுவிக்கையில், முதல், கரு, உரி மூன்றையும் எழுதி முடித்தபின் அம்மூதாட்டியின் சொல்லையும் வகுப்பில் கூறுகிறேன். அது தேர்வில் வாராது. எனினும் அதை அறியாதவர் குறிஞ்சியை முற்றும் கற்றவர் ஆகார்.