மலைநாட்டுக் குடியானவருக்கு ஏற்ற ரேடியோ

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொல்லிமலையில் மின்சாரம் நின்றுபோவது குடியானவர்கள் நன்கறிந்த விஷயம். மரக்கிளை முறிந்து கம்பியின்மேல் விழுந்தால் வீட்டு விளக்கு அணைகிறது. சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்துப் பாட்டரியும் தீர்ந்து, கையில் போன் இருந்தும் செய்தி வராமற்போகிறது. செய்தி எப்போது மிகவும் அவசியமோ அப்போதுதான் அது கிடைப்பதில்லை. இதற்குப் பரிகாரமாக ரேடியோ ஒன்று வாங்கி வைக்கலாமா, வாங்குவதானால் எதை வாங்குவது என்று அனேகர் கேட்கின்றனர். அவசியம் வாங்கவேண்டும் என்பதும், ஆனால் விளம்பரத்தை நம்பி வாங்கலாகாது என்பதும் என் அபிப்பிராயம்.

புயல் கடற்கரையாரின் கவலை, மலைமேல் இருப்போருக்கு அதனால் என்ன என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதன் சேதம் கடற்கரையோடு நிற்கவில்லை. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆகையால், "புயல் கரையைக் கடந்துவிட்டது" என்ற செய்தி கேட்டவுடன் அபாயம் நீங்கியதென்று உள்நாட்டார் நினைக்கக் கூடாது. பல சமயங்களில் நமக்கு அபாயம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அங்கே பல கிராமங்கள் நாட்கணக்காக இருளில் இருந்ததையும் நினைவிற் கொள்க.

முன்கூட்டியே செய்தி தெரிவதால் நமக்கு ஆகும் பிரயோஜனம் என்ன? அதே மாதங்களில்தான் காபிப் பழம் களத்தில் காய்கிறது. ஓர் இரவு மழையில் நனைந்தால் அது பூஞ்சணம் பிடித்து விலை குறையும். மாலையிலேயே தெரிந்தால் அள்ளி மூடிவிடலாம். மேலுரம் இட நினைத்தவர் இரண்டு நாள் பொறுத்தால் உரம் ஓடையோடு போகாது. ஐயாற்றிலும் ஓடைகளிலும் நீர் திடீரெனப் பெருகும் முன் அக்கரையில் மேயும் கால்நடைகளை ஓட்டிவரலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் பாதையில் பாறை சரிந்தால் லாரி வராது. வைத்தியத்துக்கும் இறங்க இயலாது. பிரசவ நாள் நெருங்கிய பெண் வீட்டிலிருந்தால், மழைக்கு முந்தின நாளே அடிவாரத்துக்கு அனுப்பிவைப்பது உசிதம். இவ்வளவும் ஒரு சிறு பெட்டியின் செய்தியைப் பொறுத்திருக்கின்றன.

இனி எதை வாங்குவது என்பதைப் பார்ப்போம். "வானிலை ரேடியோ" என்று பெயரிட்டு, அவசரகாலத்துக்கென்றே செய்ததாகச் சொல்லி, அந்நிய நாட்டுப் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் வானிலைக்கெனத் தனி அலைவரிசை உண்டு. அமெரிக்காவில் 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் வானிலை அறிவிப்புச் செய்கிறார்கள். ஆபத்து வேளையில் அப்பெட்டி தானே ஒலித்து எழுப்பும். நம் நாட்டில் அத்தகைய ஒலிபரப்பு கிடையாது. ஆகவே அவ்வலைவரிசைக்காகக் கொடுக்கும் பணம் முழுதும் வீண். இங்கு அப்பொத்தானை அழுத்தினால் கேட்பது வெறும் இரைச்சலே.

நமக்கு வேண்டியது மத்திய அலையும் பண்பலையும் உள்ள பெட்டி. திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். கோடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். பண்பலை தெளிவாக ஒலிக்கும்; ஆனால் குன்று குறுக்கிட்டால் தடைபடும். மேட்டில் கேட்கும் நிலையம் பள்ளத்து வீட்டில் கேளாமற்போவது இதனால்தான். மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவுவதால் மடுவுகளிலும் பெரும்பாலும் எட்டும். இரண்டில் ஒன்றே கிடைக்கும் பெட்டியானால் அதை வாங்கவேண்டாம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. எண்ணைக் காட்டும் பெட்டிகளில் நிலையம் படிப்படியாக மாறும். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை; அமெரிக்காவில் இடைவெளி 10. அந்நாட்டுக்கென்று மட்டும் செய்த பெட்டி 930-லிருந்து 940-க்குத் தாவும், 936-ல் நிற்காது, திருச்சி தெளிவாகக் கேளாது. எனவே இடைவெளியை 9-க்கு மாற்றும் வசதி உள்ளதா என்று கடையிலேயே கேட்கவேண்டும். முள்ளைத் திருகி நிலையம் பிடிக்கும் பழைய மாதிரிப் பெட்டிகளில் இத்தொல்லை இல்லை.

அடுத்தது மின்சக்தி. உள்ளேயே பதித்த பாட்டரி மட்டும் உள்ள பெட்டி, மின்சாரம் நின்ற மூன்றாம் நாள் பேசாது. கையால் சுற்றும் பிடி உள்ளவை நல்லவைதாம். ஆயினும் ஒரு நிமிஷம் சுற்றினால் சில நிமிஷங்களே ஒலிக்கும். அதனுள் உள்ள சிறு பாட்டரியும் நெடுநாள் சும்மா கிடந்தால் கெட்டுவிடும். சூரிய தகடு வெயிலில் உதவும். நமக்கோ கருமேகம் சூழ்ந்த நாளில்தான் தேவை. ஆகையால் செம்மேட்டுக் கடையில் எந்நாளும் கிடைக்கும் சாதாரணப் பென்சில் பாட்டரியில் ஓடுகிறதா என்பதே முதற் கேள்வி. பிடியும் தகடும் அதற்கு மேற்பட்ட சௌகரியங்கள். கூட்டத்தோடு கேட்க விரும்புவோர் பெரிய டார்ச் பாட்டரி போடும் பெட்டியை வாங்கலாம். உபயோகிக்காத மாதங்களில் பாட்டரியைக் கழற்றி வைக்காவிடில் அது கசிந்து உள்ளுறுப்புகளை அரித்துவிடும். விளக்கு, ஊதல், திசைகாட்டி முதலியவை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அவற்றுக்காக விலை அதிகம் கொடுக்கவேண்டியதில்லை.

வாங்கியதும் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பரீட்சை செய்க. கடையில் கேட்டது வீட்டில் கேட்குமென்பது நிச்சயமல்ல. மத்திய அலைக்கு ஏரியல் பெட்டிக்குள்ளேயே கிடைவாட்டில் உள்ளது. செம்மேட்டிலிருந்து திருச்சி தென்கிழக்கே இருப்பதால், பெட்டியின் முகமோ முதுகோ அத்திசையை நோக்கும்படி வைத்துச் சிறிது திருப்பிப் பார்த்தால் ஒலி கூடும். எல். இ. டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் இன்வெர்ட்டரும் அருகிலிருந்தால் இரைச்சல் எழும். பண்பலைக்கு வெளிக் கம்பியை முழுதும் நீட்டவேண்டும்.

பெட்டியைவிட முக்கியமானது கேட்கும் ஆள். நம் பெட்டி தானே ஒலித்து எழுப்பாது. ஆகவே குறித்த வேளையில் ஒருவர் கேட்டாக வேண்டும். செய்தி வேளைகளை ஒரு வாரம் கவனித்துச் சுவரில் எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்வது கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேற்பட்டது அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்திருக்கவேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகவேண்டும். சிவப்பு என்றால் உடனே செயற்படவேண்டும். நாமக்கல் என்ற பெயர் வந்தால் மட்டும் காது கொடுப்பது போதாது. சேலம், திருச்சி, பெரம்பலூர் ஜில்லாக்களுக்கு எச்சரிக்கை வந்தாலும் மலைக்கு மழை உண்டென்று கொள்வது விவேகம்.

வானொலி தமிழ்க் குடியானவனுக்குப் புதிதல்ல. திருச்சி நிலையம் 1939 முதல் நடக்கிறது. 1960-களில் அது ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி எடுத்துச் சொன்னதால், தஞ்சை ஜில்லாவில் அந்நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்ற பெயர் வழங்கிற்று. பஞ்சாயத்து ரேடியோவின் முன் ஊரே கூடியிருந்து கேட்ட காலமும் மூத்தோருக்கு நினைவிருக்கும். அவ்வழக்கத்தைச் சிறு அளவில் மீட்பது கடினமல்ல. ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு பெட்டி, இரண்டு ஜோடிப் பாட்டரி, கேட்டுச் சொல்ல ஒருவர், அவர் இல்லாதபோது மற்றொருவர்: இவ்வளவே போதும். நிலமுள்ளவர்கள் தத்தம் வீட்டுக்கு வாங்குவதோடு, பெட்டி வாங்க இயலாத குடிசைகளுக்கும் செய்தி போய்ச் சேரும்படி ஊர்க் கவுண்டரும் கிராம நிர்வாக அலுவலரும் ஏற்பாடு செய்யவேண்டும். ஐப்பசி பிறக்குமுன் இதைச் செய்துமுடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.