மழைக்காலத்தில் வரும் வசூல் அழைப்புகள்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டாரத்தில் மூவாயிரம் ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் உப்பு விளைவிக்கப்படுகிறது. தை மாதத்தில் பாத்திகளில் தேங்கிய மழைநீரை வடித்து, சேற்றை அகற்றி, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கினால், ஆவணி புரட்டாசி வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் கைநிறைய வேலை உண்டு. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அது நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் கூலி கிடையாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இங்குள்ள பாத்திகள் யாவும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. அத்தகைய ஆண்டுகளில் அடுத்த பருவத்தின் வேலையும் தள்ளிப்போகிறது.

வேலை இல்லாத இந்த மாதங்களில்தான் செல்போன் மணி அதிகமாக ஒலிக்கிறது. மளிகைக் கடைப் பாக்கி, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், மகளிர் குழுக் கடன், நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை என்று நான்கு பக்கமும் கட்டவேண்டியது இருக்கும். தவணை தவறியவுடன் அழைப்பு வருகிறது. அழைப்பவர் யார், அவருக்குப் பணம் கேட்கும் உரிமை உண்டா, கேட்கும் தொகை சரியா என்பதை விசாரிக்கும் மனநிலை அப்போது பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. "ஏம்மா, மூணு தவணை பாக்கி. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும்" என்று ஒரு குரல் அதட்டினால், காதிலுள்ள கம்மலை அடகுக் கடைக்குக் கொண்டுபோகத்தான் தோன்றுகிறது.

பயிரில் இலை மஞ்சளாகிவிட்டது என்றால் அனுபவமுள்ள விவசாயி உடனே மருந்து தெளித்துவிட மாட்டார். தழைச்சத்துக் குறைவா, வேர் அழுகலா, பூச்சியா என்று செடியைப் பிடுங்கிப் பார்ப்பார். வசூல் அழைப்பையும் அவ்விதமே பிரித்துப் பார்க்கவேண்டும். கடன் கொடுத்த நிறுவனமே அழைக்கலாம். அது நியமித்த வசூல் முகவர் அழைக்கலாம். உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ வாங்கிய கடனுக்கு நம் எண்ணைக் கொடுத்திருந்தால் அதற்காகவும் அழைப்பு வரலாம். வாங்காத கடனுக்குப் பணம் பறிக்கும் மோசடிக்காரரும் அதே குரலில்தான் பேசுவார். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

இவற்றைப் பிரித்தறிய உதவும் கருவி ஒவ்வொரு நுண்கடன் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் கடன் அட்டை. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வகுத்த நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுக்கும் கடன் ஒவ்வொன்றுக்கும், கடன் பெற்றவருக்குப் புரியும் மொழியில் ஓர் அட்டை தரப்படவேண்டும். வட்டி, தவணை விவரம், கட்டிய பணத்துக்கான ஒப்புகை, குறை தெரிவிக்க வேண்டிய எண் ஆகியவை அதில் இருக்கவேண்டும். ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்தும் பெட்டியிலேயே இதையும் வைப்பது நல்லது. அழைப்பு வந்தால் "எந்த நிறுவனம், எந்தக் கிளை, கடன் எண் என்ன, உங்கள் பெயர் என்ன?" என்று நான்கு கேள்வி கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொண்டு போனை வைத்துவிடலாம். பிறகு அட்டையிலுள்ள எண்ணுக்குத் தாமே பேசி விசாரிக்கவேண்டும். அழைத்தவர் கொடுக்கும் எண்ணில் விசாரிப்பது, திருடனிடமே சாவியைச் சரிபார்ப்பதற்கு ஒப்பாகும்.

உண்மையான நிறுவனத்தின் ஆள் இக்கேள்விகளுக்குக் கோபப்படக் காரணமில்லை. வசூல் முகவரை அனுப்பும் நிறுவனம் அவரைப் பற்றிய விவரத்தைக் கடன்தாரருக்கு முன்னதாகவே தெரிவிக்கவேண்டும். அவர் நேரில் வரும்போது அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுவரவேண்டும். நுண்கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. பிற கடன்களுக்கு இந்த நேரம் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை. ஓயாமல் அழைப்பது, ஊரார் முன் அவமானப்படுத்துவது, உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்வது ஆகியவற்றையும் ரிசர்வ் வங்கி 2022ல் வெளிப்படையாகவே தடை செய்தது. வங்கிகள் வாடிக்கையாளருடன் கணக்கு, சேவை தொடர்பாகப் பேசும்போது 1600 என்று தொடங்கும் எண்ணைப் பயன்படுத்த வேண்டுமென 2025 ஜனவரியில் அது அறிவுறுத்தியது. இது ஓர் அடையாளம் மட்டுமே. எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்துவிடக்கூடாது.

மோசடி அழைப்புக்குச் சில குணங்கள் மாறுவதே இல்லை. அவசரப்படுத்தும், வீட்டில் எவரிடமும் சொல்லாதே என்னும், நிறுவனத்தின் கணக்குக்கு அல்லாமல் ஏதோ ஒரு தனிநபரின் செல்போன் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லும். "முழுத் தொகை இல்லாவிட்டால் ஐநூறு ரூபாயாவது போடு" என்று இறங்கியும் வரும். அந்த ஐநூறு போனால் மறுநாள் இரண்டாயிரம் கேட்கும். ஓ.டி.பி. எண்ணையும் ரகசியக் குறியீட்டெண்ணையும் எந்த நிறுவனத்துக்கும் சொல்லவேண்டியதில்லை. கடன் தவணை தவறியதற்காகக் காவல்துறை வீட்டுக்கு வந்து கைது செய்வதும் கிடையாது. கொடுத்த காசோலை திரும்பிவிட்டால் அது வேறு வழக்கு. மற்றபடி பாக்கிக் கடன் என்பது உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய சங்கதி. போனில் வாரண்ட் படிப்பவர் போலீஸ்காரர் அல்லர்.

செயலி மூலம் ஐந்து நிமிடத்தில் கடன் என்னும் வலை இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2021 ஜனவரியில் இத்தகைய செயலிகளுக்காகப் பெங்களூருவில் வசூல் மையம் நடத்தியவர்களைச் சென்னைக் காவல்துறை கைது செய்தது. அவர்களில் இருவர் சீன நாட்டவர். கடன் வாங்கும்போது செல்போனிலுள்ள எண்கள் அனைத்தையும் உறிஞ்சிக்கொண்டு, தவணை தவறியதும் அண்ணன், மாமன், பள்ளிக்கூட ஆசிரியர் என்று எல்லோருக்கும் அவதூறு அனுப்புவது இவர்களுடைய வழக்கம். ரிசர்வ் வங்கி அமைத்த செயற்குழு அதே ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் தேடிப் பார்த்தபோது சுமார் 1,100 கடன் செயலிகள் தென்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை. அதன்பின் வந்த 2022 செப்டம்பர் விதிகளின்படி, கடன் செயலி எதுவும் செல்போனிலுள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ தொடக்கூடாது. பணம் கடன்தாரரின் வங்கிக் கணக்குக்கும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் கணக்குக்கும் இடையே நேராகவே போய்வரவேண்டும். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் செயலியை அந்த நிமிடமே நீக்கிவிடலாம். வீட்டுப் பெரியவர்களைவிடப் படித்த பிள்ளைகளிடம்தான் இதைச் சொல்லவேண்டும். தாயின் ஆதாரைக் கொண்டு கடன் எடுப்பது பல வீடுகளில் அவர்களே.

தன் பெயரில் தனக்குத் தெரியாமல் கடன் இருக்கிறதா என்ற சந்தேகத்தையும் செலவின்றித் தீர்த்துக்கொள்ளலாம். சிபில், கிரிஃப் ஹைமார்க் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ஏற்பாடு 2017 முதல் உள்ளது. இணையம் அறிந்த ஒருவர் உதவினால் போதும். வாங்காத கடன் அதில் தென்பட்டால் அந்நிறுவனத்துக்கு எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கவேண்டும்.

இவ்வளவும் தற்காப்புதான். அழைப்பு உண்மையானதாகவும் பாக்கி உண்மையானதாகவும் இருந்தால் என்ன செய்வது? பெரும்பாலான வீடுகளில் நிலைமை இதுதான். போனை அணைத்து வைப்பதும் எண்ணை மாற்றுவதும் கடனைக் குறைப்பதில்லை; வட்டியைக் கூட்டுகிறது. ஆனால் குற்றத்தைத் தொழிலாளர்மீது மட்டும் சுமத்துவதும் நியாயமன்று. உப்பளக் குடும்பத்தின் வருமானத்துக்குப் பருவம் உண்டு. வாரத் தவணைக்குப் பருவமில்லை. வாரம் ரூ.600 தவணை என்று வைத்துக்கொண்டால், மழைக்காலத்தின் 13 வாரங்களுக்கு ரூ.7,800 ஆகிறது. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் செய்தது. அடுப்பெரிக்கவென்று கொடுத்த அந்தப் பணம் ஒரு கடனின் தவணைக்கே போதாது. மீதிக்கு இன்னொரு கடன், அந்தக் கடனுக்கு இன்னோர் அழைப்பு.

நெல் விவசாயிக்குப் பயிர்க் கடனை அறுவடைக்குப் பின் கட்டும்படி தவணை வகுத்திருக்கிறார்கள். உழவர் கடன் அட்டை 2019 முதல் மீன்வளத்துக்கும் கால்நடைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதே கடற்கரையில், அதே வெயிலில் உப்பு வாருகிறவர் அந்த வரிசையில் இல்லை. உப்பு மண்ணிலிருந்து முளைப்பதில்லை என்பதைத் தவிர இதற்குத் தகுந்த காரணம் தெரியவில்லை. வானம் பெய்தால் நட்டப்படும் தொழில் இது.

வாராவாரம் கட்டும் பழக்கம் விட்டால் கடன் திரும்பாது என்று நுண்கடன் நிறுவனத்தார் வாதிடுவதுண்டு. சம்பளக்காரருக்கும் காய்கறி வியாபாரிக்கும் அது பொருந்தலாம். உப்பளத்தில், மழைக்காலத்தில் ஒழுங்காகக் கட்டியவர் எங்கிருந்து கட்டினார் என்று பார்த்தால் தெரியும்: இன்னொரு கடனிலிருந்து. நிறுவனங்கள் குடும்பத்தின் மொத்தத் தவணையும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற விதியைப் பின்பற்றுகின்றன. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாத வருமானம் என்று எழுதினால் கணக்கு சரியாகத்தான் வரும். நவம்பர் மாதத்து வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இதற்கு வழி விதியிலேயே இருக்கிறது. கடன்தாரரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை மாற்றிக்கொள்ள வகைசெய்யும் கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கவேண்டும் என்று 2022 விதிகள் கூறுகின்றன. முன்கூட்டிக் கட்டினால் அபராதமும் கிடையாது. ஆகவே பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை சற்றுக் கூடுதலாகக் கட்டி, மழை மாதங்களில் தவணை இல்லாமலோ வட்டி மட்டுமோ கட்டும் அட்டவணையை உப்பளக் குழுக்கள் கோரலாம். தனியாள் கேட்டால் களப்பணியாளர் சிரித்துவிட்டுப் போவார். குழுவினர் அனைவரும் கையெழுத்திட்டு, கடன் வாங்குவதற்கு முன்பே, கிளை மேலாளருக்குக் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை பெற்றால் பேச்சு வேறாக இருக்கும். மாவட்ட முன்னோடி வங்கியும் உப்பள முதலாளிகளும் இதில் தலையிடவேண்டும். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதைவிட இது அவர்களுக்கும் லாபமே.

மிரட்டலுக்கு உள்ளானவர்கள் அழைப்பு வந்த தேதி, நேரம், எண் ஆகியவற்றை நோட்டில் எழுதி வைக்கவேண்டும். முடிந்தால் பேச்சைப் பதிவு செய்யவேண்டும். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்து, 30 நாளில் பதில் வராவிட்டாலும் பதில் திருப்தியளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. மோசடியில் பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930. கந்துவட்டிக்காரர்மீது 2003ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கடன் நிறுவனங்கள் கடன்தாரரையும் குடும்பத்தாரையும் மிரட்டி வசூலிப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் தனிச் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2025ல் நிறைவேற்றியது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். விழுப்புரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100க்குப் பேசலாம். தவணை மாற்றக் கடிதத்தை மட்டும் மழை வரும்வரை தள்ளிப்போடாமல், ஆடி மாதத்துக்குள் கொடுத்துவிடவேண்டும்.