சிகிச்சை முடிந்த பிறகு

ஆசிரியருக்கு,

அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய் பரிசோதனை பற்றி நிறையப் பேசுகிறோம். நல்லதுதான். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவளின் மனசு பற்றித்தான் பேச்சே இல்லை. 'அதான் சரியாயிடுச்சே' என்று அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஹார்மோன் சார்ந்த வகையென்றால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரையை 5 ஆண்டுகள், சிலர் 10 ஆண்டுகள்கூட விழுங்க வேண்டும். திடீரென உடம்பு கொதிக்கும், தூக்கம் கெடும். வீட்டிலோ 'எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழறா' என்பார்கள். செக்கப் நெருங்கும்போது வரும் பயம் தனி. தாம்பத்தியத்தில் விழுந்துவிட்ட மௌனத்தைப் பற்றி, கூட்டம் நெரியும் ஓ.பி.யில் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

அமெரிக்காவில் டெரீஸ் லாசர், தாம் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின், 1952-இல் 'ரீச் டு ரெகவரி'யைத் தொடங்கினார். மீண்டவர்களே புது நோயாளிகளைப் பார்த்துப் பேசும் ஏற்பாடு அது. நம் அரசு மருத்துவமனைகளிலும் மாதம் ஒரு நாள் இதற்கென ஓர் அறை ஒதுக்கலாமே. கணவர்களையும் வரச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி