துணுக்கும் அறிவும்

அறிவு பலவகைப்படும். நூல்களைக் கற்றுப் பெறும் அறிவு ஒன்று. தொழிலைச் செய்து பெறும் அறிவு ஒன்று. உலகத்தாரோடு பழகிப் பெறும் அறிவு ஒன்று. இவற்றோடு, சிறு சிறு செய்திகளைத் திரட்டிப் பெறும் அறிவும் உண்டு. அதனைப் பொது அறிவு என வழங்குவர். இதனைச் சிலர் மிக உயர்த்திப் பேசுவர். வேறு சிலர் பயனற்ற துணுக்குக் குவியல் என்று இகழ்வர். இவ்விரு கருத்துகளுள் எது பொருந்தும் என ஆராய்வது மாணவர்க்கு நலம் பயக்கும்.

பொது அறிவை ஒரு விளையாட்டாகவே வளர்த்த நாடு இங்கிலாந்து. அந்நாட்டின் ஊர்களில் 'பப்' எனப்படும் விடுதிகள் உள்ளன. பொதுவில்லம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். அங்கு மது விற்கப்படும். மது போற்றத்தக்க பொருள் அன்று. ஆயினும், மாலைப் பொழுதில் அவ்விடுதிகளில் நிகழும் வினாடி வினாப் போட்டிகள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. 1970-களில் இவை பெரிதும் பரவின. ஒரு விடுதியின் சார்பில் ஒரு குழு அமையும். அக்குழு ஒருமுறை தன் விடுதியில் எதிர்க்குழுவை வரவேற்கும். மறுமுறை எதிர்க்குழுவின் விடுதிக்குத் தான் செல்லும். காற்பந்துக் குழுக்கள் ஒரு பருவம் முழுவதும் ஆடிப் புள்ளி சேர்ப்பது போலவே இவையும் வினாக்களுக்கு விடை கூறிப் புள்ளி சேர்க்கும்.

இப்போட்டியின் சிறப்பு யாது? இங்குப் பட்டமும் பதவியும் செல்லா. கல்லூரி ஆசிரியர் ஒருவர் அறியாத விடையை அருகில் அமர்ந்த தச்சர் கூறிவிடலாம். ஒருவர்க்கு வரலாறு தெரியும். மற்றொருவர்க்கு இசை தெரியும். இன்னொருவர்க்குப் பறவைகளின் பெயர் தெரியும். எல்லாம் அறிந்தார் எவரும் இலர் என்னும் உண்மையை அம்மேசை நாள்தோறும் உணர்த்துகிறது. 'உமக்குத் தெரியுமா?' என்று ஒருவரை ஒருவர் வினவிக் கலந்து விடை காணும் பழக்கம், அறிவோடு அடக்கத்தையும் வளர்க்கின்றது.

இத்தகைய துணுக்குச் செய்திகளை ஆங்கிலத்தில் 'டிரிவியா' என்பர். இச்சொல்லின் வரலாறு சுவையானது. இலத்தீன் மொழியில் 'டிரிவியம்' என்பது மூன்று வழிகள் கூடும் முச்சந்தியைக் குறிக்கும். முச்சந்தியில் எவரும் பேசும் எளிய செய்தி என்னும் கருத்தில், அற்பமானது என்ற பொருள் அச்சொல்வழிப் பிறந்தது. இடைக்கால ஐரோப்பாவிலோ அதே சொல், இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்னும் மூன்று அடிப்படைக் கலைகளுக்குப் பெயராயிற்று. ஒரே சொல் அற்பத்தையும் குறித்தது; கல்வியின் அடிப்படையையும் குறித்தது. துணுக்குச் செய்தியின் இயல்பும் அத்தகையதே. அஃது அற்பமாவதும் அடிப்படையாவதும் அதனைக் கைக்கொள்வாரைப் பொறுத்தவை.

எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவின் தலைநகர் யாது என்னும் வினாவைக் கொள்வோர், சிட்னி என்று விடை கூறித் தவறுவதுண்டு. கான்பெரா என்பதே சரியான விடை. இதனை மனப்பாடம் செய்து ஒரு புள்ளி பெறுவது எளிது. ஆனால், புகழ் வாய்ந்த பெருநகரம் இருக்க, மற்றோர் ஊர் ஏன் தலைநகர் ஆயிற்று என்று வினவுபவனுக்கு ஒரு நாட்டின் வரலாறே திறக்கும். 1901-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றப் பகுதிகள் ஒன்றுபட்டபோது, சிட்னியும் மெல்போர்னும் தலைமைக்குப் போட்டியிட்டன. தலைநகர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அமைதல் வேண்டும். ஆயினும் அது சிட்னியிலிருந்து 100 மைல் தொலைவிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அதுவரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடுதல் வேண்டும் என்று அரசியலமைப்பில் விதித்தனர். 1908-இல் கான்பெராவின் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது; 1927-இல் நாடாளுமன்றம் அங்குச் சென்றது. இரு நகரங்களின் பூசலை ஒரு நாடு அமைதியாகத் தீர்த்துக்கொண்ட கதை அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றது.

சிறு வினா ஒன்று பெருநூலாக வளர்ந்ததும் உண்டு. 1951-இல் கின்னஸ் என்னும் மது ஆலையின் தலைவரான சர் ஹியூ பீவர், அயர்லாந்தில் வேட்டைக்குச் சென்றார். வேட்டைப் பறவைகளுள் ஐரோப்பாவில் மிக விரைந்து பறப்பது எது என்ற வழக்கு நண்பர்களிடையே எழுந்தது. பொன்னிற உப்புக்கொத்தியா, கிரவுஸ் என்னும் காட்டுக்கோழியா என்று வாதிட்டனர். விடை கூறும் நூல் கிடைக்கவில்லை. விடுதிகள்தோறும் இத்தகைய வழக்குகள் நாளும் எழுவதை எண்ணிய அவர், அவற்றைத் தீர்க்க ஒரு நூல் வேண்டும் என்று கருதினார். செய்தி திரட்டுவதில் வல்ல மக்விர்ட்டர் என்னும் இரட்டையர் அப்பணியை ஏற்றனர். 1955-இல் கின்னஸ் சாதனை நூல் வெளிவந்தது. 'தெரியவில்லை' என்று வாளாவிருந்திருந்தால் அந்நூல் தோன்றியிராது.

எனினும், துணுக்கு அறிவிற்கு ஒரு பெருங்குறை உண்டு. பொய்யும் மெய்யும் ஒரே உடை அணிந்து அதில் உலவும். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்ற கூற்று பல்லாண்டுகளாக வழங்கி வந்தது. நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுவரின் அகலமோ சில மீட்டரே. நீளம் மிக்கதாயினும் அகலம் குறைந்த பொருள் அத்தொலைவில் எங்ஙனம் தோன்றும்? சற்றே எண்ணினால் பிழை விளங்கும். 2003-இல் விண்வெளி சென்று மீண்ட சீன வீரர் யாங் லிவெய், புவியைச் சுற்றும்போதே தம் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று கூறினார்.

இதனினும் வியப்பான நிகழ்ச்சி ஒன்றுண்டு. பிரெட் வொர்த் என்னும் அமெரிக்கர் 1974-இல் துணுக்குக் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். தம் நூலைப் பிறர் படியெடுத்தால் கண்டுபிடிப்பதற்காக, அதில் ஒரு பொய்ச்செய்தியை வேண்டுமென்றே புகுத்தினார். கொலம்போ என்னும் தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் பிலிப் என்பதே அப்பொய். பின்னர்க் கனடாவில் உருவாகிப் புகழ்பெற்ற 'டிரிவியல் பர்சூட்' என்னும் வினா விளையாட்டில் அப்பெயர் சரியான விடையாகவே இடம்பெற்றது. வொர்த் 1984-இல் வழக்குத் தொடுத்தார். செய்திகள் எவர்க்கும் தனியுரிமை அல்ல என்ற அடிப்படையில் அவர் தோற்றார். வழக்கின் முடிவு எதுவாயினும், அது புகட்டும் பாடம் தெளிவானது. அச்சில் வந்தது என்பதனால் மட்டும் ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

மெய்யான விடையும் என்றும் மாறாதது அன்று. ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள் ஒன்பது எனப் பள்ளிகள் கற்பித்து வந்தன. 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்துப் புளூட்டோவைக் குறுங்கோள் வரிசையில் சேர்த்தது, கோள்கள் எட்டாயின. ஒன்பது என்பதை மட்டும் அறிந்தவன் திகைத்தான். காரணத்தைக் கற்றவன் அறிவில் வளர்ந்தான்.

கைப்பேசியில் எல்லா விடையும் கிடைக்கும்போது நினைவில் வைப்பது எதற்கு என்று கேட்போரும் உளர். வினாடி வினாப் போட்டியில் கைப்பேசியைப் பார்ப்பது குற்றம். மறைவாகப் பார்த்து வெல்பவன் வெல்வது பிறரை அன்று, தன் நேர்மையையே. அன்றியும், ஒன்றும் அறியாதவனுக்கு எதனை வினவுவது என்றே தெரியாது. நினைவில் உள்ள இரு செய்திகள் ஒன்றையொன்று சந்திக்கும்போதுதான் புதிய எண்ணம் பிறக்கும். அச்சந்திப்பு மனத்தில் நிகழ்வது, கருவியில் நிகழ்வதன்று.

விதைநெல்லைக் குதிரில் அடைத்து எண்ணிக்கொண்டிருப்பவன் உழவன் ஆகான். விதைநெல்லே இல்லாதவனும் உழவன் ஆகான். துணுக்குச் செய்தி விதைநெல் போன்றது. 'ஏன்?' என்னும் ஏர் உழுத மனத்தில், 'மெய்யோ?' என்னும் களையெடுப்போடு அது வளருமாயின், அறிவு என்னும் விளைச்சல் தரும். ஆதலால் மாணவர், செய்திகளை விரும்பித் திரட்டுக; திரட்டியவற்றை ஆராய்க; ஆராய்ந்து தெளிந்தவற்றைப் பிறர்க்கும் வழங்குக. போட்டியில் பெறும் புள்ளி அன்றோடு மறையும். ஆராயும் பழக்கம் வாழ்நாள் முழுதும் துணை நிற்கும்.