உறங்கும் கோப்பும் உயிர்விடும் காகிதங்களும்



சென்ற மாதம் இராஜபாளையத்தில் ஒரு வீட்டு விருந்தில் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நஸீபில் எழுதியிருந்தால் விசா வந்துவிடும். அதற்குப் போய் இத்தனை காகிதமா?" சபையில் பலர் தலையசைத்தனர். விருந்து வீட்டில் வாதம் வேண்டாமென்று அன்று வாய்மூடி இருந்தோம். இங்கே பேசுகிறோம்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்வதையும், எழுதுபவரையும், சாட்சிகளையும் பற்றி அது பேசுகிறது. சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சடைவடையாதீர்கள் என்றும் கட்டளையிடுகிறது. எழுதுவது மட்டுமன்று, தவணையையும் எழுத வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியை மேடைதோறும் சொல்லும் நாம், வீட்டு அலமாரியில் எந்தத் தாள் எந்த நாளில் செத்துப்போகும் என்று அறியாமல் இருக்கிறோம். அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது மார்க்கத்தின்மீது நம் சோம்பலை ஏற்றிவைப்பதாகும்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று கனடாவில் நிரந்தரக் குடியுரிமம் பெற்று வாழ்கிறார். மனைவியையும் மகனையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார். பெண் ஸ்ரீவில்லிபுத்தூர்; நிகாஹ் நடந்ததும் அங்கேதான். இப்போது இராஜபாளையத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறார். வசிக்கும் நாட்டின் காவல்துறைச் சான்று, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இவர்கள் ஆர்வத்தில் அதைத்தான் முதலில் வாங்கினார்கள். கடவுச்சீட்டில் தாய்வீட்டு முகவரி; விசாரிக்கச் சென்ற காவலர் அங்கே பெண்ணைக் காணவில்லை; அதைச் சரிசெய்யச் சில வாரங்கள் கரைந்தன. பிறகு தமிழில் இருந்த நிகாஹ் சான்றை மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரம் இணைக்கப்படாததால் விண்ணப்பம் முழுமையற்றது என்று திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பப் புறப்பட்டபோது காவல்துறைச் சான்றுக்கு ஆறு மாதம் கடந்திருந்தது.

அடுத்த பிழை நம்முடையது. ஒளிக்காமல் சொல்கிறோம். நிகாஹ் மக்ரிப் தொழுகைக்குப் பின் நடந்தது. ஹிஜ்ரி நாள் மக்ரிபிலேயே மாறிவிடுமல்லவா? ஜமாஅத் பதிவேட்டில் எழுதியவர் புதிய ஹிஜ்ரி தேதியை எழுதி, அதற்கு நேராக மறுநாளின் ஆங்கிலத் தேதியைப் போட்டுவிட்டார். சார்பதிவாளர் அலுவலகச் சான்றிலோ உண்மையான நாள். ஒரே திருமணத்திற்கு இரண்டு தேதிகள்! அதிகாரி விளக்கம் கேட்டார். விளக்கக் கடிதம் எழுதி, முத்தவல்லி கையொப்பமிட்டு, அது போய்ச் சேர்ந்து பரிசீலிக்கப்படுவதற்குள் மருத்துவப் பரிசோதனையின் பன்னிரண்டு மாதத் தவணை முடிந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் மீண்டும் காட்ட, பொதிகை எக்ஸ்பிரஸில் குழந்தையோடு ஓரிரவு பயணம், மறுபடி கட்டணம், மறுபடி ஊசி. கணவர் மகனைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பதிவேட்டில் ஒரு கோடு பிசகியதற்கு ஒரு பிள்ளை அத்தாவைக் கைப்பேசித் திரையில் மட்டும் அறிந்து வளர்கிறது.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. எல்லா மதத்தாரும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள். "பள்ளிவாசல் தஃப்தரே போதும்" என்று இன்றும் சொல்லும் ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்கிறோம்: உங்கள் தஃப்தரைப் பிற நாட்டு அதிகாரி அப்படியே ஏற்பாரா? நிகாஹ் அன்றே மணமக்களின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டு எழுத ஐந்து நிமிடம் ஆகுமா? முஹம்மது என்ற ஒரு பெயருக்கு ஒரே குடும்பத்தில் நான்கு வகை ஆங்கில எழுத்துக்கூட்டலை நாம் கண்டிருக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கு வக்கீல் வைத்து, தொலைபேசியில் கேட்டு நிகாஹ் முடிப்பதும் நம்மிடையே உண்டு. வக்காலத்தின் ஃபிக்ஹுச் சட்டத்தை இங்கே ஆராயவில்லை. ஆனால் மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல், தொலைபேசியிலோ இணையத்திலோ பிரதிநிதி மூலமோ நடந்த திருமணத்தைக் குடியேற்றத்திற்காக ஏற்பதில்லை என்று கனடா 2015 ஜூனிலேயே விதி செய்துவிட்டது. இதை அப்பெண்ணின் பெற்றோருக்குச் சொல்லாமல் குத்பா ஓதி பாத்திஹாவோடு எழுந்து செல்லும் நம் போன்ற ஆலிம்களும் கேள்வி கணக்கிலிருந்து தப்ப முடியாது.

எனவே வரிசை அறிந்து வாங்குங்கள். பிறப்புச் சான்றும் திருமணப் பதிவும் சாவதில்லை; அவற்றை இன்றே திருத்தி வையுங்கள். சாகும் தாள்களைக் கடைசியில் வாங்குங்கள். வாடகை வீட்டு ஒப்பந்தத்தை நாம் பதினொரு மாதத்திற்கே போடுவது வழக்கம், பதிவுச் செலவைத் தவிர்க்க. கோப்பு ஓராண்டு காத்திருந்தால் முகவரிச் சான்று அதற்குள் போய்விடும். பெரியவர் கடவுச்சீட்டு பத்தாண்டு, சிறுவர் கடவுச்சீட்டு ஐந்தாண்டு மட்டுமே. நுழைவு அனுமதியின் கெடுவும் பொதுவாக மருத்துவத் தவணை, கடவுச்சீட்டுத் தவணை இரண்டில் எது முன்னால் முடிகிறதோ அதோடு நின்றுவிடும். வளைகுடா செல்வோருக்கு மருத்துவச் சான்றின் ஆயுள் இன்னும் குறுகியது; மாதக் கணக்கில்தான்.

தேதியை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுகளைப் பற்றி ஒரே சொல்: அது பொய்ச்சாட்சி. ஹராமான தாளின்மேல் ஹலாலான குடும்பத்தைக் குடிவைக்காதீர்கள்.

அலுவலகங்களையும் விட்டுவிட மாட்டோம். ஆதாரம் கேட்பது ஓர் அரசின் உரிமை. ஆனால் கோப்பைத் தன் மேசையில் உறங்கவிட்டு, அந்த உறக்கத்தால் செத்த தாளுக்கான செலவை விண்ணப்பித்தவன் தலையில் கட்டுவது என்ன நீதி? வசதியுள்ளவன் தரவேண்டியதைத் தாமதிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது பணக் கடனுக்கு. பதிலும் ஒரு கடன்தான் என்று நாம் கருதுகிறோம். தாமதம் அரசினுடையது என்றால், தாளின் தவணையை அந்த அளவிற்கு நீட்டித் தரும் பொறுப்பும் அரசினுடையதே. இதைப் பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்கான நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும் இன்று, அந்தப் பெண் இரண்டாம் பரிசோதனை முடித்துக் காத்திருக்கிறார். மகனின் கடவுச்சீட்டு முடிய எட்டு மாதம் இருக்கிறது. புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டார்கள், புதிய எண் வந்ததும் அங்கே தெரிவிக்க வேண்டும். மக்ரிபுக்குப் பிந்திய நிகாஹ்களுக்கு எந்த ஆங்கிலத் தேதியை எழுதுவது என்று முடிவெடுக்க, வரும் ஜும்ஆவுக்குப் பின் எங்கள் ஜமாஅத் கூடுகிறது. பழைய பதிவேடுகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.