அம்மா போனில் பார்ப்பது யார்?

1/ வீடியோ பார்த்தா குழந்தைக்குக் கண் கெடுமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. இன்னைக்கு கண்ணைப் பத்தி இல்லை. நம்ம குழந்தையைப் பத்தி அந்த போன் என்ன எழுதி வைக்குதுங்கறதைப் பத்தி.

2/ எந்த வீடியோ, எத்தனை நிமிஷம், எதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச்சு, எத்தனை மணிக்கு... எல்லாமே பதிவாகுது. அதை வச்சுத்தான் அடுத்த வீடியோவும் விளம்பரமும் வருது.

3/ 13 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாம சேகரிச்சதா அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2019இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. 2020 முதல் 'குழந்தைகளுக்கானது'ன்னு குறிச்ச வீடியோவில், பார்ப்பவரின் பழக்கத்தை வச்சு விளம்பரம் காட்டுறதில்லை.

4/ ஆனா அந்தக் குறிப்பைப் போட வேண்டியது வீடியோ ஏத்துறவங்க. அதைச் சரியாப் போடலைங்கற புகாரில் டிஸ்னி 2025இல் 1 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

5/ நம்ம நாட்டுல 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 18 வயசுக்குக் கீழ எல்லாரும் குழந்தைதான். பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். குழந்தைகளைப் பின்தொடர்வதும், குறிவச்சு விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினா 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

6/ சட்டம் நல்ல சட்டம். ஓட்டை எங்க தெரியுமா? நம்ம வீடுகள்ல குழந்தைக்குன்னு தனிக் கணக்கு கிடையாது. போன் அம்மாவோடது, ஜிமெயில் அப்பாவோடது. பதிவேட்டில் பார்க்கிறவர் வயசு 34. சட்டம் குழந்தையைத் தேடி வந்தா அங்க குழந்தையே இல்லை!

7/ "அப்போ எல்லார் வயசையும் கண்டுபிடிக்கட்டுமே"ன்னா, அதுக்கு இன்னும் அதிகமா வேவு பார்க்கணும். அதுவும் வேண்டாம். யார் கணக்கா இருந்தாலும் பின்தொடர்வது முதல்லயே அணைஞ்சு இருக்கணும். வேணும்ங்கறவங்க ஆன் பண்ணிக்கட்டும். என் கருத்து இதுதான்.

8/ அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:
• சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் ஆப்
• உங்க கூகுள் கணக்கில் யூடியூப் ஹிஸ்டரியையும், உங்களுக்கேற்ற விளம்பரம்ங்கற வசதியையும் ஆஃப் பண்ணுங்க
• மத்த ஓடிடி ஆப்களில் குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல். நிஜப் பெயரும் பிறந்த தேதியும் கட்டாயம் இல்லைன்னா போடாதீங்க

9/ நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாதுங்கறது எங்க தொழிலின் அடிப்படை. பேச்சே வராத கைக்குழந்தைக்கும் அது பொருந்தும். ஆஸ்பத்திரியில் கிடைக்கிற அந்த மரியாதை போன்லயும் குழந்தைக்குக் கிடைக்கணும்னு கேக்குறது பெரிய ஆசை இல்லையே?