பித்தளைக் குமிழும் திங்கட்கிழமைக் காய்ச்சலும்

விக்டோரியா காலப் பிற்பகுதியின் பித்தளைக் கதவுக் குமிழைக் கண்டதும், ‘அக்காலக் கைவினையின் மேன்மை’ என்று பழம்பொருள் ரசிகர்கள் உருகத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த உருக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

அக்குமிழ்களும் தாழ்ப்பாள்களும் சாவித்துளை மூடிகளும் பெருமளவில் பர்மிங்ஹாம் வார்ப்பாலைகளில் உருவானவை. ஒரே மாதிரியிலிருந்து திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டவை. கைவேலை இல்லாமலில்லை. அரத்தால் ராவியவையும் மெருகேற்றியவையும் மனிதக் கைகளே. ஆனால் பொருளின் பின்புறம் பெயர் ஏதேனும் இருந்தால், அது நிறுவனத்தின் பெயர்.

பித்தளையை உருக்கும்போது அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகி வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவர்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியது. வாரமெல்லாம் புகைக்குப் பழகிய உடல், ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கத்தை இழக்கும்; திங்களன்று காய்ச்சல் திரும்பும். மருத்துவர் எட்வர்ட் கிரீன்ஹௌ 1862இலேயே இந்நோயைப் பற்றி எழுதிவிட்டார். 1872இல் டபிள்யூ. ஜே. டேவிஸின் முன்னெடுப்பில் பர்மிங்ஹாம் பித்தளைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். ரசிகர்களின் வருணனைகளில் இவை எதற்கும் இடமில்லை.

அழகை மறுப்பது நம் நோக்கமன்று. இலையும் கொடியும் புடைத்த அக்குமிழ்கள் அழகியவையே. அவற்றின் ஆண்டையும் விலையையும் குறிப்பவர்கள், அந்தக் காய்ச்சலையும் ஒரு வரியில் குறிக்கட்டும். அதுவரை ‘கைவினை’ என்னும் சொல்லை நாம் ஐயத்துடனேயே வாசிப்போம்.